நான்கு விரற்கடை

தலைநகரிலிருந்து வந்த கடிதத்தில்
'நிரந்தர' என்ற சொல் ஆறு தடவை இருந்தது.
எண்ணிப் பார்த்தேன். எண்ணுவது என் பிழைப்பு.
எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் நான்.

ஷாவ்கேலிச் சுரங்கத்தின் வாயை
பனி இளகிய மார்ச்சில் கான்கிரீட் ஊற்றி அடைத்தார்கள்.
அதன்முன் இரண்டு வருடமாக ஒரு கம்பிவேலி,
அதில் தொங்கும் தலைக்கவசங்கள்,
சாயம்போன பிளாஸ்டிக் பூக்கள்,
ஜாம் புட்டியில் பாதி எரிந்த மெழுகுவர்த்தி,
ஈஸ்டருக்கு யாரோ வைத்து
யாரும் எடுக்காத சிவப்பு முட்டை,
'அப்பா, எனக்கு எட்டு வயசாயிடுச்சு' என்றொரு அட்டை.
மழை அதில் 'எட்டை' மட்டும் அழித்திருந்தது.

கல் வரப்போகிறது, எல்லாவற்றையும் அகற்று என்றது நகராட்சி.
லாரிக்காரப் பையன் பூக்களை அள்ளினான்,
அட்டைகளை அள்ளினான்,
கவசங்களைத் தொடமாட்டேன் என்று
வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டான்.
அவை இப்போது என் பட்டறையில் இருக்கின்றன,
குப்புறக் கவிழ்த்தபடி.
நிமிர்த்திவைத்தால் கூரை ஒழுகி நிறைந்துவிடுகிறது.

பள்ளி விளையாட்டுக்கூடத்தில், கூடைப்பந்து வளையத்தின் கீழ்,
கட்டடக் கலைஞர் படம் காட்டினார்:
கண்ணாடித் தூண்கள், இரவில் தரையிலிருந்து ஒளி.
"காற்றுவிசிறிக்கு வராத மின்சாரம்
விளக்குக்கு மட்டும் வருமோ?"
பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.
கண்ணாடி அன்றோடு போயிற்று.
கறுப்புப் பசால்ட் என்று முடிவானது.
ஊரில் இருப்பதே மூன்று குடும்பப்பெயர்கள்,
அதனால் இட்ட பெயரின் வரிசையில் செதுக்கலாம் என்றார்கள்.
தட்டெழுதிய பட்டியல் என் கைக்கு வந்தது:
முப்பத்தெட்டு.

மேலே வந்த பெட்டிகள் முப்பத்தொன்பது.

ரேவாஸ் அந்த ஷிப்டின் மேற்பார்வையாளன்.
வாயு அளவு சரி என்று பதிவேட்டில் ஒப்பமிட்டவன்.
ஒப்பமிட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை,
அவர்களோடு அவனும் இறங்கினான்.
"அவன் பேர் இருக்கும் கல்லில்
என் சிமோனின் பேர் வேண்டாம்"
மக்வாலா எழுந்து சொன்னபோது
கூடத்தில் ஒரு நாற்காலிகூடக் கிரீச்சிடவில்லை.
ரேவாஸின் மனைவி எத்தேரி வந்திருக்கவில்லை.
அவள் வீட்டு விளக்கு சன்னல் வழியே தெரிந்தது,
யாரும் பார்க்காமல் எல்லோரும் பார்த்தோம்.

எங்கள் எழுத்துகளுக்கு நேர்கோடு தெரியாது.
திராட்சைக்கொடி போல என்பார்கள் வெளியூர்க்காரர்கள்.
கொடி கல்லில் படராது, அடித்துத்தான் படரவிட வேண்டும்.
ஒரு சுழி பிசகினால் செத்தவன் வேறு ஆள் ஆகிவிடுவான்.
நாளுக்கு இரண்டு பெயர். சில நாள் ஒன்று.
பாவ்லேயை முடித்தேன்.
அடுத்து சிமோன்.
இரண்டுக்கும் நடுவே
கை தானாக நான்கு விரற்கடை தள்ளி இறங்கியது.
அளவுகோல் பக்கத்தில்தான் கிடந்தது.
எடுக்கவில்லை.

திங்கள் மாலை மக்வாலா வந்தாள்.
வணக்கம் சொல்லவில்லை.
சிமோனின் முதல் சுழிக்குள் சுட்டுவிரலை வைத்து
கடைசி வரை போனாள்.
"ஆழம் போதாது."
"இன்னும் போனால் உறைபனி பிளந்துவிடும்."
"பிளக்கட்டுமே."
விரல் மேலே ஏறியது. வழுவழுப்பில் நின்றது.
"இது என்ன?"
கல்லில் சொத்தை, அதனால் விட்டுத் தாண்டினேன் என்றேன்.
அவள் தகப்பன் கல்லுடைத்தவன், அதை மறந்துவிட்டேன்.
கன்னத்தைக் கல்லோடு ஒட்டிவைத்து
வெளிச்சத்துக்கு எதிராக ஒருச்சாய்த்துப் பார்த்தாள்.
"எத்தனை எழுத்து?"
"ஐந்து."
"கூலி யார் தருவது?"
என்னிடம் பதில் இல்லை.
தலைத்துணியை அவிழ்த்து
சிமோனின் தூசியை மட்டும் துடைத்தாள்.
கவிழ்ந்த கவசங்களைத் தாண்டுகையில்
ஒன்றைக் காலால் நகர்த்தி நேராக்கினாள்.
வாசலில் நின்று,
"வியாழக்கிழமை மழை வருமாம்" என்றாள்.
திறப்புவிழா வியாழக்கிழமைதான்.

அவள் போனபிறகு பார்த்தேன்,
அந்த நான்கு விரற்கடையில்
மூச்சோ கண்ணீரோ பட்ட ஈரம்,
கறுப்பின்மேல் இன்னொரு கறுப்பு.
ஈரக்கல்லில் உளி வழுக்கும்.
விளக்கை ஏற்றி வைத்துவிட்டு
அது காயட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.